மைசூரும் தொலைக் கல்வியும்

ஆகாசவாணி என்னும் பெயரைக் கேளாத இந்தியர் இலர். காசி முதல் கன்னியாகுமரி வரை எந்த மொழி பேசுவோர் வீட்டிலும் அப்பெயர் ஒலித்திருக்கிறது. ஆயினும் அப்பெயர் தலைநகராகிய தில்லியில் பிறந்ததன்று. அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுந்ததுமன்று. மைசூர் நகரில், உளவியல் பேராசிரியர் ஒருவரின் இல்லத்தில் அமைந்த சிறு வானொலி நிலையத்திற்கு வழங்கிய பெயர் அது. இச்செய்தியைப் பலர் வியப்புடன் கேட்பர். அதனினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. வகுப்பறைச் சுவரைத் தாண்டிக் கல்வியைக் கொண்டு செல்ல இந்நாட்டில் நடைபெற்ற முயற்சிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நகரத்திலேயே தடம் பதித்துள்ளன. வானொலி, அஞ்சல், செயற்கைக் கோள், இணையம் ஆகிய நான்கு கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே வந்தன. அவற்றின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. பிழைப்பை நாடிப் புறப்பட்டவர் பலர் படிப்பைப் பாதியில் விட்டுப் புறப்பட்டவர்களே. ஆலையிலும் கடையிலும் கட்டட வேலையிலும் பகற்பொழுதைக் கழித்து, இரவில் விளக்கருகே அமர்ந்து பட்டம் பெற்றோர் நம்மிடையே உளர். அவர்தம் மக்களோ வேற்று மொழிப் பள்ளியில் பயின்று, தாய்மொழியை வீட்டுப் பேச்சளவில் மட்டும் அறிந்து வளர்கின்றனர். ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் மற்றோரிடத்திலும் இருந்து நிகழும் கல்வி இவர்களுக்குக் கைகொடுக்குமா, கொடுக்குமாயின் எவ்வளவு என்பதே நம் முன் உள்ள வினா.

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் தோன்றியது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரசராகவும், விசுவேசுவரய்யா திவானாகவும் விளங்கிய காலம் அது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேரே உட்படாத சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் இதுவே. இதனை அமைப்பதற்கு முன்பு சி. ஆர். ரெட்டி, தாமஸ் டென்ஹாம் ஆகிய இருவரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் முறைகளை ஆராய்ந்து வந்தனர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் மரபோடு, அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கொள்கையும் அவர்கள் கருத்தைக் கவர்ந்தது. பல்கலைக்கழகம் என்பது தன் மதில்களுக்குள் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று. மாநில மக்கள் அனைவர்க்கும் பயன்படல் வேண்டும் என்பதே அக்கொள்கை. இவ்வாறு, கல்வி வெளியே செல்ல வேண்டும் என்னும் எண்ணம் மைசூரில் தொடக்கத்திலேயே ஊன்றப்பட்டது. பின்னாளில் தொலைக் கல்விக்கு இலக்கணம் வகுத்த அறிஞர்களுள் ஒருவராகிய சார்லஸ் வெடிமையரும் அதே விஸ்கான்சினைச் சேர்ந்தவர் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது.

எண்ணத்திற்குக் கருவி தேவை. அக்கருவியைத் தேடியவர் எம். வி. கோபாலசுவாமி. லண்டன் நகரில் உளவியல் அறிஞர் ஸ்பியர்மனிடம் பயின்று, 1924-இல் மைசூரில் உளவியல் துறையைத் தொடங்கி நடத்தியவர் அவர். 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், தம் இல்லமாகிய விட்டல் விகாரத்தில் 30 வாட் ஆற்றலுடைய ஒலிபரப்புக் கருவியை அமைத்து நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். அந்நாளில் ஓர் அறையில் எரியும் மின்விளக்கின் ஆற்றலுக்கு மேற்படாத கருவி அது. கன்னடக் கவிஞர் குவெம்பு அதில் முதன்முதலாகக் கவிதை படித்தார். இசையும் உரையும் கவிதையும் அதன் வழியே நகர மக்களைச் சென்றடைந்தன. பிறகு ஆற்றல் மிக்க கருவி வந்தது. 1942-இல் மைசூர் அரசு நிலையத்தை ஏற்றுக்கொண்டது. நாடு விடுதலை அடைந்த பின்னர் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1955-இல் நிலையம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. எனினும் அதன் பெயர் அழியவில்லை. நாடு முழுவதற்கும் உரிய வானொலி அமைப்பே அப்பெயரை ஏற்றது.

தமிழகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னையில் வானொலிக் கழகம் தோன்றியது. அது நிதியின்றித் தளர்ந்தபோது, 1930-இல் சென்னை மாநகராட்சி அதன் கருவிகளைப் பெற்று ஒலிபரப்பை நடத்தியது. மாநகராட்சிப் பள்ளிச் சிறுவர்க்கெனவும் நிகழ்ச்சிகள் அமைத்தது. சென்னையில் ஒருவரும் மைசூரில் ஆசிரியர் ஒருவரும் அரசாங்கத்தை எதிர்பாராமல் வானொலியைக் கையிலெடுத்தனர். இருவரும் பொழுதுபோக்கை மட்டும் கருதியிருப்பின் இப்பணி இத்துணைத் தூரம் வளர்ந்திராது.

வானொலி கேட்பதால் மக்கள் உண்மையிலேயே கற்கின்றனரா? இதனை அளந்தறிய முற்பட்ட ஆராய்ச்சி ஒன்று 1956-இல் புனேயைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் நடந்தது. உலகத்தின் கவனத்தை ஈர்த்த ஆராய்ச்சி அது. ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 சிற்றூர்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. பத்து வாரங்களில் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன. மன்றத்தினர் ஒன்றுகூடிக் கேட்பர். கேட்டதும் கலைந்து செல்லாமல் அதனைப் பற்றி உரையாடுவர். ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்புவர். ஐயங்களுக்கு அடுத்து வரும் நிகழ்ச்சியில் விடை கிடைக்கும். மன்றம் அமைந்த ஊர்கள், வானொலி மட்டும் இருந்த ஊர்கள், வானொலியே இல்லாத ஊர்கள் என மூவகையாகப் பகுத்து, பால் நியூரத் என்னும் சமூகவியலார் ஆராய்ந்தார். மன்றம் அமைந்த ஊர்களிலேயே மக்களின் அறிவு பெரிதும் உயர்ந்திருந்தது. கருவி மட்டும் இருந்த ஊர்களில் உயர்வு மிகக் குறைவே. இம்முடிவை நன்கு நினைவிற் கொள்க. பின்வரும் எழுபது ஆண்டு வரலாறு முழுவதும் இதுவே மீண்டும் மீண்டும் வெளிப்படுகின்றது.

இதற்கு நம் நாட்டுச் சான்று தஞ்சையில் உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைத் திருச்சி வானொலி பண்ணைச் செய்திகளின் வாயிலாகப் பரப்பியது. விதைப்பது எப்போது, உரம் எவ்வளவு, பூச்சி வந்தால் செய்வது யாது என்பவற்றை நாள்தோறும் கேட்ட உழவர்கள் அதற்கு வானொலி நெல் என்றே பெயரிட்டு விட்டனர். அங்கும் வானொலி தனித்து வேலை செய்யவில்லை. வேளாண்மை அலுவலர் வயலுக்கு வந்தார்; அண்டை வயலில் பயிர் கண்முன் நின்றது. செவி கேட்டதைக் கண் கண்டு தெளிந்தது.

இனி அஞ்சலுக்கு வருவோம். 1840-இல் ஐசக் பிட்மன் என்பார் இங்கிலாந்தில் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். ஒரு பென்னிக்குக் கடிதம் செல்லும் வசதி அப்போதுதான் வந்திருந்தது. இந்தியாவில் பல்கலைக்கழகப் பட்டத்திற்கு அஞ்சல் வழி திறந்தது 1962-இல். டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழு பரிந்துரைத்தவாறு தில்லிப் பல்கலைக்கழகம் ஆயிரத்துச் சொச்சம் மாணவருடன் அதனைத் தொடங்கியது. 1963-இல் மைசூரில் மண்டலக் கல்வியியல் கல்லூரி ஏற்பட்டது. அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் எழுந்த கல்லூரிகளுள் இது தென்னாட்டிற்கு உரியது. தமிழக ஆசிரியர் பலரை உருவாக்கியது. பயிற்சி பெறாமலே பள்ளியிற் பணியாற்றி வந்த ஆசிரியர்களுக்காக, இக்கல்லூரிகள் 1966 முதல் கோடைப் பள்ளியையும் அஞ்சல் பாடத்தையும் இணைத்து ஒரு பயிற்சியை நடத்தின. கோடை விடுமுறையில் கல்லூரிக்கு வந்து தங்கிக் கற்றல், ஏனைய மாதங்களில் வேலையை விடாமல் அஞ்சலில் பாடம் பெறுதல் என்பது முறை. நேரில் கற்பதையும் தொலைவிலிருந்து கற்பதையும் கலந்து அமைத்த இம்முறைக்குக் கலப்பு முறைக் கல்வி என்று இன்று புதுப்பெயர் வழங்குகின்றனர்.

1969-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தன் அஞ்சல் வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் திறந்த நிலைப் பல்கலைக்கழகம் அரச சாசனம் பெற்றதும் அவ்வாண்டே. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் அவ்வழியை மேற்கொண்டன. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்த நிலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. மைசூரின் அஞ்சல் வழி நிறுவனம் 1996-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் கர்நாடக மாநிலத் திறந்த நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

அஞ்சல் வழிப் படித்தோர்க்கு அதன் இன்பதுன்பம் நன்கு தெரியும். அச்சிட்ட பாடம் கட்டாக வரும். சில வேளை தேர்வு நெருங்கிய பின்னரே வரும். ஐயம் எழுந்தால் அருகில் கேட்பதற்கு ஆள் இல்லை. விடைத்தாள் எழுதி அனுப்பினால் திருத்தி வருவதற்குள் ஐயமே மறந்துபோகும். இதனை ஆராய்ந்த அறிஞர் மூவர் கூறியவை சிந்திக்கத் தக்கவை. ஜெர்மானியராகிய ஓட்டோ பீட்டர்ஸ், தொலைக் கல்வி தொழிற்சாலை முறையை ஒத்தது என்றார். பாடம் எழுதுவோர், அச்சிடுவோர், அனுப்புவோர், திருத்துவோர் எனப் பணி பிரிந்து கிடக்கிறது; ஆதலின் செலவு குறைகிறது; ஆனால் மாணவனை முழுதும் அறிந்தவர் ஒருவரும் இலர். சுவீடனைச் சேர்ந்த பியோர்யே ஹோல்ம்பெரி, அச்சுப் பாடமே அன்புடன் உரையாடும் நடையில் அமைதல் வேண்டும் என்றார். அமெரிக்காவில் ஆராய்ந்த மைக்கேல் மூர், கல்வியில் தொலைவு என்பது மைல் கணக்கன்று என்றார். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே உரையாடல் குறையுமாயின் ஒரே அறையில் இருப்பினும் அது தொலைவே. உரையாடல் மிகுமாயின் கடல் கடந்திருப்பினும் அண்மையே.

செயற்கைக் கோளின் காலம் 1975-இல் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கக் கோள் ஒன்றின் துணைகொண்டு ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழிக் கல்வி அளிக்கப்பட்டது. கர்நாடகத்தின் வடமாவட்டச் சிற்றூர்களும் அவற்றுள் அடங்கும். அவ்வூர்களில் குடை போன்ற வலைக் கம்பி அலைவாங்கிகள் நிறுவப்பட்டன. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஏறக்குறைய 50,000 பேர்க்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அதனுடன் இணைந்து தரப்பட்டது. படம், வானொலி, அச்சுப் பாடம், செய்முறை, உள்ளூர் வழிகாட்டி ஆகிய யாவும் அதில் ஒன்றுகூடின.

1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்விக்கெனத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. அவற்றைத் தயாரிப்பதற்கென நாட்டில் எழுந்த மையங்களின் வரிசையில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பல்லூடக ஆய்வு மையமும் ஒன்று. 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் கல்விக்கென்றே செய்யப்பெற்ற எடுசாட் என்னும் கோளை இந்தியா சிறீஅரிக்கோட்டாவிலிருந்து செலுத்தியது. மைசூருக்கு அண்மையிலுள்ள சாமராஜநகர் மாவட்டத்தில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. 2010-இல் அக்கோளின் பணி முடிவுற்றது. கோளுக்கு ஆயுள் சில ஆண்டுகளே. கற்பிக்கும் முறையோ தலைமுறைக்கு வேண்டும். கருவியை நம்பித் திட்டமிடுவோர் இதனை மறத்தல் கூடாது.

இணையம் வந்தபோது இதுவரை இருந்த தடைகள் அனைத்தும் நீங்கிவிடும் என்று பலர் நம்பினர். சென்னைத் தொழில்நுட்பக் கழகமும் அதன் உடன்பிறப்புகளும் 2003 முதல் பொறியியல் பாடங்களைப் படம் பிடித்து யாவரும் காணுமாறு வழங்கின. 2017-இல் மத்திய அரசு ஸ்வயம் என்னும் இணையப் பாடத் தளத்தை நாட்டிற்கு அளித்தது. மைசூரின் பல்லூடக மையமும் இதற்குப் பாடங்களை ஆக்கித் தருகின்றது. ஆயினும் ஆராய்ச்சியாளர் கண்டது என்ன? ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய திறந்த இணைய வகுப்புகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரையின்படி, 2017-18-இல் பாடத்தை நிறைவு செய்தவர் நூற்றுக்கு 3.13 பேரே. கதவைத் திறந்து வைத்தால் நுழைவோர் பலர். கடைசி வரை அமர்ந்திருப்போர் மிகச் சிலர்.

இதன் காரணத்தை 1983-இலேயே ரிச்சர்டு கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர் சுட்டிக் காட்டினார். மளிகைப் பொருளைக் கொண்டுவரும் வண்டியால் உண்பவர் உடல் தேறுவதில்லை. பொருளின் சத்தினாலேயே தேறுகிறது. அதுபோலவே, கல்வியைக் கொண்டுவரும் ஊடகம் எதுவாயினும் கற்பிக்கும் முறையே பயன் தருகின்றது என்பது அவர் வாதம். இதனை மறுத்தோரும் உண்டு. ஆனால் 2010-இல் அமெரிக்கக் கல்வித் துறை பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோதும், நேர்முகக் கல்வியும் இணையமும் கலந்த முறையே மேம்பட்டு நின்றது; அம்மேம்பாட்டிற்கும் இணையம் மட்டும் காரணமன்று, மாணவர்க்குக் கிடைத்த கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் காரணமாதல் கூடும் என்றே அது கூறியது. 1956-இல் புனே உழவர் கூட்டத்தில் கண்ட உண்மைக்கு இது எவ்வளவு அணித்தானது பாருங்கள்!

2020-இல் பெருந்தொற்று நாட்டின் வகுப்பறைகளை அடைத்தது. நாட்டுப்புறத்தில், பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்களில் நூற்றுக்கு 62 குடும்பங்களிடம் மட்டுமே திறன்பேசி இருந்ததாக அவ்வாண்டு அசர் ஆய்வு காட்டியது. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. வெளிமாநிலங்களில் கூலி வேலை செய்த குடும்பங்கள் பட்ட இடரைச் சொல்லி மாளாது. அத்தொற்றுக்குப் பின் இணையவழிப் பட்டங்கள் பெருகின. மைசூர்ப் பல்கலைக்கழகமும் அவற்றை நடத்தும் அனுமதி பெற்றது.

இவ்விடத்தில் கசப்பான ஒரு நிகழ்ச்சியையும் கூறாமலிருத்தல் நேர்மையாகாது. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, கர்நாடக மாநிலத் திறந்த நிலைப் பல்கலைக்கழகத்தின் பாடங்களுக்கு 2013-14 முதல் ஏற்பு இல்லை என்று அறிவித்தது. மாநில எல்லைக்கு வெளியேயும் கூட்டு நிறுவனங்கள் வழியாகவும் பாடங்கள் நடத்தப்பட்டமை முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. பணமும் காலமும் செலவிட்டுப் பயின்றோர் பட்டத்தின் மதிப்பை எண்ணிக் கலங்கினர். 2018-இல் பல்கலைக்கழகம் ஏற்பை மீண்டும் பெற்றது. தொலைவிலிருந்து கற்பவனுக்குப் பல்கலைக்கழகம் என்பது ஒரு முகவரி, ஒரு முத்திரை, ஒரு நம்பிக்கை மட்டுமே. அதன் வாயிலை அவன் மிதித்ததில்லை. அலுவலகத்தில் சென்று கேட்க அவனுக்கு வழியில்லை. ஆகவே மாநிலம் விட்டு மாநிலம் சென்று வாழும் நம்மவர், எந்தப் பாடத்திலும் சேருமுன் அதற்கு மானியக் குழுவின் ஏற்பு அவ்வாண்டிற்கு உண்டா, மையம் அமைந்த இடம் அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்கு உட்பட்டதா என்பவற்றை உசாவி அறிதல் வேண்டும். முகவர் சொல்லை வேதவாக்காகக் கொள்ளலாகாது.

மைசூருக்கும் தமிழுக்கும் உள்ள உறவையும் ஒரு சொல் கூறவேண்டும். 1969-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கு நிறுவப்பட்டது. அதனைச் சார்ந்த தென்மண்டல மொழி மையத்தில் வடமாநிலப் பள்ளி ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கித் தமிழ் முதலிய தென்மொழிகளைக் கற்று, தம் ஊர் திரும்பிக் கற்பித்து வந்தனர். செம்மொழித் தமிழுக்கான மத்திய அரசின் உயராய்வு மையம் 2006-இல் தொடங்கியதும் இந்நிறுவனத்திலேயே; 2008-இல் அது சென்னைக்குச் சென்றது. 2016-இல் இந்நிறுவனம் பாரதவாணி என்னும் இணையக் களஞ்சியத்தைத் தொடங்கி, இந்திய மொழிகளின் அகராதிகளையும் நூல்களையும் எவரும் காணுமாறு செய்தது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. திறந்த நிலைக் கல்வியை நன்கறிந்த வா. செ. குழந்தைசாமி அதன் தொடக்கக் காலத் தலைவர். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் அது தமிழகத்திற்கு வெளியே வாழும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடங்களையும், யாவர்க்கும் மின் நூலகத்தையும் வழங்கி வருகின்றது.

பாடம் இணையத்தில் இருக்கிறது. கைப்பேசியும் வீட்டில் இருக்கிறது. ஆயினும் குழந்தை தானே அமர்ந்து தமிழ் கற்றுவிடும் என்று இருந்துவிடல் தகாது. தெருவிலுள்ள நாலைந்து பிள்ளைகளை ஞாயிறு காலையில் ஓரிடத்தில் கூட்டி, அப்பாடத்தை உரக்கப் படிக்கச் செய்து, பிழை திருத்தி, கதை கேட்டு, விடை சொல்லப் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். பட்டத்திற்குப் படிக்கும் இளைஞர்க்கும் இஃது ஒக்கும். ஒரே பாடம் பயில்வோர் இருவர் மூவர் வாரம் ஒருமுறை கூடி உரையாடினால் போதும். பாதியில் நிற்பவர் தொகை குறையும். தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு இப்பணியையும் மேற்கொள்ளலாம். ஓர் அறையும் ஒரு விளக்கும் பொறுமையுடைய ஒருவரும் இருந்தால் அதற்குப் போதும்.

முப்பது வாட் கருவியுடன் மைசூரில் தொடங்கிய பணி இன்று வானளாவ வளர்ந்திருக்கிறது. கருவிகள் மாறின, இனியும் மாறும். கேட்பவரோடு பேசுவதற்கு அருகே ஒருவர் இருந்த இடங்களிலெல்லாம் கல்வி தழைத்தது என்பதே இந்நெடிய வரலாறு நமக்கு உரைக்கும் செய்தி.